மொட்டை மாடிக்கு 8 அடி சோலார் ஸ்டாண்டு: வாங்கலாமா?

கமுதியில் 648 மெகாவாட் சோலார் நிலையம் பிடித்திருக்கும் இடம் சுமார் 2,500 ஏக்கர். அந்தக் கணக்கில் ஒரு வீட்டின் 3 கிலோவாட்டுக்கு ஏறக்குறைய 500 சதுர அடி நிலம் போகிறது. மாடியில் வைத்தால் அந்த நிலம் மிச்சம். ஆனால் உயரம் குறைந்த ஸ்டாண்டு போட்டால் மாடியில் 300 சதுர அடி அடைபட்டுவிடும். துணி காயப்போட, வற்றல் பிழிய இடமிருக்காது. பல வீடுகளில் சோலார் பேச்சு இதோடு நின்றுபோகிறது. 8 அடி ஸ்டாண்டு இந்தச் சிக்கலைத் தீர்க்கிறது. தாராளமாக வாங்கலாம், 5க்கு 4 மதிப்பெண். ஒன்றைக் குறைத்தது காற்றுக்காக.

540 வாட் பேனல் 6 போட்டால் பரப்பு 15.5 சதுர மீட்டர். கட்டுமானக் கணக்குக்குச் சென்னையில் எடுத்துக்கொள்ளும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர். அந்த வேகத்தில் சதுர மீட்டருக்கு 150 கிலோ வீதம் மொத்தம் 2.3 டன் அழுத்தம் வரும். அதில் பாதிதான் மேலே தூக்கும் என்று வைத்தாலும் ஒரு டன்னைத் தாண்டும். எதிர்த்து நிற்பது எவ்வளவு? பேனல் 170 கிலோ, இரும்பு 200 கிலோ, காலுக்கு ஒரு கன அடி கான்கிரீட் கட்டை என 6 கால்களுக்கு 400 கிலோ. 770தான் தேறுகிறது. கட்டையைத் தட்டு ஓட்டின்மேல் சும்மா வைத்துவிட்டுப் போக விடாதீர்கள். ஓட்டைப் பெயர்த்து, கான்கிரீட் தளத்தில் துளையிட்டு, எபாக்சிப் பசையில் கம்பி நட்டு, அதைப் பிடித்துக் கட்டை வார்க்க வேண்டும். முடிந்தவரை கால்கள் பீம்மேல் வரட்டும். கட்டையைச் சுற்றி நீர்க்காப்புப் பூச்சு இல்லையென்றால் ஐப்பசி மழையில் கீழறைச் சீலிங் நனையும்.

அடுத்தது துரு. உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த ஜிஐ, 80 மைக்ரான் பூச்சு என்று கேட்டு வாங்குங்கள். குழாயை மாடியில் வைத்து வெட்டி வெல்டிங் செய்தால் அந்த இடத்தில் பூச்சு எரிந்துவிடும். கடலோரத்தில் துரு அங்கிருந்துதான் கிளம்பும். துளையெல்லாம் பட்டறையிலேயே போட்டு, மாடியில் போல்ட் மட்டும் முடுக்குவதே சரி.

தண்ணீர்த் தொட்டி பேனலுக்குத் தெற்கே இருந்தால் மார்கழி, தை மாதங்களில் நிழல் நீளமாக விழும். தொடராக இணைத்த பேனல்களில் ஒன்று நிழலில் இருந்தாலும் மொத்த உற்பத்தி இறங்கும். தொட்டி வடக்கே இருந்தால் நல்லது. ஆனி வாக்கில் உச்சி வெயில் சற்று வடக்கே சாய்ந்தாலும் அந்த நிழல் குட்டையானது.

உயர ஸ்டாண்டுக்குக் கிலோவாட்டுக்குச் சில ஆயிரம் கூடும். 3 கிலோவாட்டுக்கான ஒன்றிய அரசு மானியம் 78,000 ரூபாய். ஸ்டாண்டு உயரமானாலும் அதே தொகைதான்.

உயரத்தின் இன்னொரு தொல்லை கழுவுவது. நிரந்தர ஏணியும், இரு வரிசைக்கு நடுவே 2 அடி நடைபாதையும் விலைப்புள்ளியிலேயே எழுதி வாங்குங்கள். பேனல் சூடேறும் முன் விடியற்காலையில் கழுவுங்கள். உப்புப் போர்த்தண்ணீர் என்றால் கண்ணாடியில் வெள்ளைப் படலம் தங்கும், உடனே ரப்பர் வைப்பரால் வழித்துவிடுங்கள்.