சளியில் கிருமி இல்லை என்ற பிறகும் தேடிய காசநோய்ப் பிரிவு

கோபிசெட்டிபாளையம் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் எங்கள் அம்மாயிக்கு இரண்டு மாதமாகச் சாயங்காலமானால் காய்ச்சல், இரவில் வியர்வை, சோற்றைக் கண்டாலே வெறுப்பு. இருமல் இல்லாததால் காசநோய் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தனியார் மருத்துவமனை ஒன்றில் டைபாய்டு என்று மூன்று முறை மருந்து மாற்றியும் உடல் இளைத்துக்கொண்டே போனதால், அரசு மருத்துவமனையின் காசநோய்ப் பிரிவுக்கு அழைத்துச் சென்றோம்.

மார்பு எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த மருத்துவர், "சாமையை வாரி இறைச்சாப்ல இருக்குதுங்க அம்மா" என்றார். இரு நுரையீரல்களிலும் ஒரே சீராக, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவில் புள்ளிகள். கிருமி இரத்தத்தில் கலந்து உடலெங்கும் பரவும் இந்த வகைக்கு மிலியரி என்ற பெயரே சிறுதானிய மணியை வைத்து வந்ததாம். மேட்டாங்காட்டில் சாமை விதைத்துப் பழகிய அம்மாயிக்கு அந்த ஒரு சொல்லே போதுமானதாக இருந்தது.

சளிப் பரிசோதனையில் கிருமி தென்படவில்லை. அந்த முடிவோடு எங்களைத் திருப்பி அனுப்பாததற்காகவே இந்தப் பிரிவை மனமாரப் பாராட்டுகிறேன். இவ்வகை நோயில் சளியில் கிருமி சிக்காமல் போவது சகஜம் என்றும், தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் மாண்டூ சோதனையும் ஏமாற்றக்கூடும் என்றும் பொறுமையாக விளக்கிவிட்டு, கழுத்தில் நெறி கட்டியிருந்த இடத்தில் ஊசியால் மாதிரி எடுத்து, கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் கருவியில் வைத்தார்கள். சுமார் 2 மணி நேரத்தில் கிருமி உறுதியானது. காசநோய்க்கான முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்கு அந்தக் கிருமி கட்டுப்படும் என்பதும் அதிலேயே தெரிந்தது. தலைவலியும் இருந்ததால், மூளை உறைக்குப் பரவியிருந்தால் சிகிச்சைக் காலமே நீளும் என்று சொல்லி முதுகுத்தண்டு நீரைச் சோதித்தார்கள். நாங்கள் மிகவும் அஞ்சிய சோதனை அது. நல்லவேளையாக அதில் ஒன்றுமில்லை. கண்ணின் உட்புறத்தில் காசநோய்ப் புள்ளிகள் உண்டா என்பதைக்கூட விடாமல் பார்த்தார்கள். சர்க்கரை, எச்ஐவி சோதனைகளும் நடந்தன.

2022இல் தமிழக அரசு தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தின்படி எடை, கால் வீக்கம், மூச்சின் வேகம், ஆக்சிஜன் அளவு, தாங்கல் இல்லாமல் நிற்க முடிகிறதா என்பதையெல்லாம் பார்த்து, அன்றைக்கே படுக்கை கொடுத்தார்கள். செலவு எதுவும் இல்லை.

குறையும் உண்டு. எக்ஸ்ரே, கண் பிரிவு, ஆய்வகம் மூன்றும் வெவ்வேறு கட்டடங்களில் இருக்க, வழிகாட்டும் பலகை ஒன்றும் இல்லை. சக்கர நாற்காலிக்கு முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். நிற்கவே முடியாதவர்கள் வரும் பிரிவுக்கு வாசலிலேயே இரண்டு நாற்காலிகளாவது வேண்டும்.

மாத்திரை தொடங்கிய மூன்றாவது வாரத்தில் காய்ச்சல் விட்டது. இப்போது அம்மாயி களியும் கீரையும் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்.