டொயோட்டா 86: எஞ்சின் மேம்பாட்டில் எதைத் தேர்ந்தேன், எதை விட்டேன்

2013-ஆம் ஆண்டில் தயாரான, மேனுவல் கியர்பாக்ஸ் கொண்ட டொயோட்டா 86 ஒன்றைச் சிலாங்கூரில் பல ஆண்டுகளாக ஓட்டி வருகிறேன். அலுவலகத்துக்கும், கெந்திங் மலைப்பாதைக்கும், வாய்ப்புக் கிடைக்கும்போது சிப்பாங் பந்தயத் தடத்துக்கும் இதே கார்தான். இந்தக் காரின் எஞ்சினை மேம்படுத்த நினைப்பவர்கள் பெரும்பாலும் எத்தனை குதிரைத்திறன் கூடும் என்றே விசாரிக்கிறார்கள். எந்த ஆர்பிஎம்மில் (எஞ்சின் ஒரு நிமிடத்தில் சுற்றும் சுற்றுகளில்) கூடும் என்று விசாரித்துவிட்டுப் பணத்தை எடுப்பது நல்லது என்பேன்.

சிலிண்டர்கள் எதிரெதிராகப் படுத்திருக்கும் சுபாருவின் எஃப்ஏ20 பாக்ஸர் எஞ்சின்தான் இதில் உள்ளது. 1998 சிசி, 12.5:1 கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் கலவை அழுத்தப்படும் விகிதம்). டர்போ இல்லாமலேயே 7000 ஆர்பிஎம்மில் 200 குதிரைத்திறன் தருகிறது என்பது பாராட்டத்தக்கது. ஆனால் அதிகபட்ச முறுக்குவிசையான 205 நியூட்டன் மீட்டர் கிடைப்பது 6400 ஆர்பிஎம்மைத் தாண்டிய பிறகுதான். அதற்கு முன் ஏறத்தாழ 3200 முதல் 4500 வரை முறுக்குவிசைக் கோடு ஏறாமல் கீழே சரிகிறது. மூன்றாம் கியரில் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் எஞ்சின் சுமார் 3250 ஆர்பிஎம்மிலும், 80 கி.மீ. வேகத்தில் 4350 ஆர்பிஎம்மிலும் சுற்றுகிறது. அதாவது மலைப்பாதையில் ஒரு வளைவிலிருந்து வெளியேறி அடுத்த ஏற்றத்துக்கு ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும் வேகம் முழுவதும் அந்தப் பள்ளத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. இரண்டாம் கியருக்கு இறக்கினால் கார் பாயும் என்பது உண்மைதான். ஒவ்வொரு வளைவிலும் அதையே செய்துகொண்டிருப்பது களைப்பு.

ஆகவே உச்ச சக்தியைத் தேடாமல், இந்த இடைப்பட்ட ஆர்பிஎம்மைச் சீர்செய்வதையே அளவுகோலாக வைத்துக்கொண்டேன். அந்த அளவுகோலில் முதலில் அடிபட்டுப் போனது, பலரும் முதலில் வாங்கும் காற்று இன்டேக் கிட். தொழிற்சாலையில் பொருத்திய ஏர்பாக்ஸ், அதாவது காற்று வடிகட்டிப் பெட்டி, ஏற்கெனவே நன்றாக வடிவமைக்கப்பட்டது. அதைக் கழற்றி விலையுயர்ந்த குழாய் ஒன்றைப் பொருத்தினால் சத்தம் கூடுகிறதே தவிர, ஓட்டத்தில் உணரத்தக்க மாற்றம் இல்லை. மேலும், காற்றின் அளவை அளக்கும் சென்சார் அந்தக் குழாயில்தான் அமர்ந்திருக்கிறது. குழாயின் விட்டம் மாறினால் சென்சாரின் கணக்கும் பிசகும். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவில் அதற்கென அளவீட்டைத் திருத்தாவிட்டால் எரிபொருள் கலவையே தவறும். ஏர்பாக்ஸை அப்படியே விட்டுவிட்டு, உள்ளே நல்ல ஃபில்டரை மட்டும் போட்டேன்.

உண்மையான மாற்றம் ஹெடரிலும் (சிலிண்டர்களிலிருந்து புகையை வெளியேற்றும் குழாய்த் தொகுப்பு) ஈசியூ டியூனிங்கிலும்தான் வந்தது. இரண்டையும் சேர்த்தே செய்ய வேண்டும். ஹெடரை மட்டும் மாற்றி டியூனிங்கைத் தள்ளிப்போடுபவர்கள் பாதிப் பயனைக்கூடப் பெறுவதில்லை. ஹெடரில் இரு வகை உண்டு. நான்கு குழாய்களும் சமநீளமாக இருப்பது ஒன்று. நீளம் வேறுபட்டு, சுபாருவுக்கே உரிய அந்தத் தடதடப்பைத் தருவது மற்றொன்று. நான் சமநீள வகையை, புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரோடு சேர்ந்ததாக எடுத்தேன். கன்வெர்ட்டர் இல்லாதது இன்னும் சற்றுக் கூடுதல் சக்தி தரும் என்று பட்டறையில் சொன்னார்கள், அதில் பொய்யில்லை. ஆனால் சிக்னலில் நிற்கும்போது காருக்குள் ஏறும் புகை நெடியை நண்பரின் காரில் அனுபவித்த பிறகு அந்த எண்ணமே எழவில்லை.

டியூனிங்கில் எரிபொருள்தான் எல்லை வகுக்கிறது. இந்த எஞ்சினுக்கு மிகவும் பொருத்தமானது இ85 எத்தனால் கலவை என்பது டியூனிங் செய்பவர்களுக்குத் தெரியும். தாய்லாந்தில் அது பம்பில் விற்கப்பட்டிருக்கிறது, மலேசியாவில் இல்லை. இங்கே கிடைப்பவை ரான் (பெட்ரோலின் ஆக்டேன் அளவு) 95, ரான் 97, சில நிலையங்களில் மட்டும் ரான் 100. காரை நின்ற இடத்திலேயே ஓட்டிச் சக்தியை அளக்கும் டைனோவில் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு கணினித் திரையில் ஓடும் பட்டியலில் நான் கவனித்தது குதிரைத்திறன் எண்ணை அல்ல, நாக் (கலவை கட்டுப்பாடின்றி வெடிப்பது) திருத்தம் என்ற பத்தியை. அதில் எல்லா வரியிலும் பூஜ்யம் இருந்தால் எஞ்சின் நிம்மதியாக இருக்கிறது என்று பொருள். கழித்தல் குறியோடு எண்கள் தலைகாட்டினால், ஈசியூ தன்னைக் காத்துக்கொள்ள இக்னிஷன் டைமிங்கை (கலவையைப் பற்றவைக்கும் தருணத்தை) பின்னுக்கு இழுக்கிறது என்று பொருள். காலையில் பூஜ்யமாக இருந்த அதே வரிகளில், ரான் 97 பெட்ரோலுடன் பிற்பகல் வெயிலில் ஓட்டியபோது ஓரிரு டிகிரி கழித்தல் தெரிந்தது. டியூனர் உடனே டைமிங்கைச் சற்றுக் குறைத்து ஈசியூவின் அளவீட்டு அட்டவணையான மேப்பை மறுபடி எழுதினார். டைனோ தாளில் சில குதிரைகள் குறைந்தன. நம் ஊர் வெயிலில் எப்போது ஓட்டினாலும் ஒரே மாதிரி ஓடும் கார் கிடைத்தது. குளிரூட்டிய அறையில் ஒரேயொரு ஓட்டம் ஓட்டிவிட்டுப் பெரிய எண்ணை அச்சிட்டுத் தரும் இடங்களை இதனால்தான் நான் நம்புவதில்லை.

மொத்தத்தில் உச்ச சக்தி கூடியது ஏறக்குறைய பதினைந்து குதிரைத்திறன்தான். இடையில் இருந்த பள்ளம் பெருமளவு தூர்ந்துவிட்டது. அதே ஏற்றத்தை இப்போது மூன்றாம் கியரிலேயே ஏறுகிறேன்.

இதற்கு அடுத்து ஃபைனல் டிரைவை (கியர்பாக்ஸுக்கும் சக்கரங்களுக்கும் இடைப்பட்ட கடைசிப் பல்விகிதம்) 4.1-இலிருந்து 4.3-ஆக மாற்றினேன். எஞ்சினைத் தொடாத வேலை என்பதால் இதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. எல்லாக் கியரிலும் இழுவை ஏறத்தாழ 5 விழுக்காடு கூடுகிறது. நெடுஞ்சாலையில் 110 கி.மீ. வேகத்தில் ஆறாம் கியரில் சுமார் 150 ஆர்பிஎம் அதிகம் சுற்றுகிறது, அவ்வளவே. டொயோட்டாவும் பின்னாளில் மேம்படுத்திய மேனுவல் மாடலில் இதே விகிதத்தைக் கொடுத்தது.

சிப்பாங்குக்குப் போகிறவர்கள் சக்திக்குச் செலவிடுவதற்கு முன்பே ஆயில் கூலர் பொருத்த வேண்டும். தடத்தின் ஒரு சுற்று 5.543 கி.மீ.; நீண்ட நேர்ப்பாதைகள் இரண்டு. சில சுற்றுகளிலேயே ஆயில் வெப்பம் 120 டிகிரியைத் தாண்டியதை நான் மீட்டரில் பார்த்திருக்கிறேன். தெர்மோஸ்டாட் உள்ள கூலரும் சற்றுத் தடித்த ஆயிலும் வந்த பிறகு, அந்த எண்ணைப் பார்த்துப் பார்த்து ஓட்ட வேண்டிய நிலை நீங்கியது.

எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் சூப்பர்சார்ஜரைப் பலமுறை விலை கேட்டிருக்கிறேன். பெல்ட்டில் இயங்கும் சென்ட்ரிஃபியூகல் வகையில் ஆர்பிஎம் ஏற ஏறத்தான் அழுத்தம் ஏறும். மேலே அபாரமாக இருக்கும், எனக்குத் தேவைப்பட்ட 3500-இல் பெரிதாக ஒன்றும் தராது. டர்போ அந்தக் குறையைத் தீர்க்கும், ஆனால் எஞ்சின் பெட்டிக்குள் வெப்பத்தைக் கூட்டும். எதைப் பொருத்தினாலும் 12.5:1 கம்ப்ரஷனோடு நமது பெட்ரோலை வைத்துக்கொண்டு டியூனிங்குக்கு மிகக் குறுகிய இடமே மிஞ்சுகிறது. சக்கரத்தில் 300 குதிரைத்திறனை நெருங்கினால் இந்த எஞ்சினின் கனெக்டிங் ராடுகள்தான் (பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைப்பவை) முதலில் கைவிடும் என்பது இத்துறையில் அனைவரும் அறிந்தது. அதன் பிறகு கிளட்ச், பிரேக், எரிபொருள் பம்ப் என்று செலவு நீண்டுகொண்டே போகும். தடத்துக்கென்று தனிக் கார் வைத்திருப்பவர் தாராளமாகச் செய்யலாம்.

பழைய மாடலை இப்போது வாங்குபவர்கள் இரண்டைக் கவனிக்க வேண்டும். தொடக்க ஆண்டுகளில் தயாரான கார்களின் வால்வு ஸ்பிரிங்குகளுக்காக 2018-இல் திரும்பப்பெறல் அறிவிக்கப்பட்டது. எஞ்சினைப் பெருமளவு பிரித்துச் செய்யும் வேலை என்பதால், அது செய்யப்பட்டதா, செய்த கை நேர்த்தியானதா என்று பார்த்த பிறகே டியூனிங்கைப் பற்றி யோசிக்கலாம். கழற்றிய அசல் ஹெடரை விற்றுவிடவும் கூடாது. காரைக் கைமாற்றும்போது பரிசோதனைக்கு அதைத் திரும்பப் பொருத்த வேண்டியிருக்கும்.

2021-இல் வந்த ஜிஆர்86-இல் 2.4 லிட்டர் எஞ்சின் 250 நியூட்டன் மீட்டரை 3700 ஆர்பிஎம்மிலேயே தருகிறது. அதை வைத்திருப்பவர்களுக்கு நான் மேலே சொன்ன ஹெடர் வாதம் அவ்வளவாகப் பொருந்தாது. அவர்கள் அந்தப் பணத்தை ஆயில் கூலருக்கும் பிரேக் பேடுகளுக்கும் ஒதுக்கலாம்.