நாலு வருஷமாக ஃபைபருக்கு ஒன்றும் ஆகவில்லை, அடாப்டர்தான் உயிரை எடுக்கிறது

அச்சகம் வைத்திருக்கிற தம்பி ஒருத்தன் போன வாரம் போனில் கேட்டான். "அண்ணாச்சி, முடுக்குக்கு அந்தப் பக்கம் ஒரு கட்டடம் பிடிச்சிருக்கேன். மொட்டைமாடி வழியா ஒரு லேன் ஒயர இழுத்துட்டா போதும்ல?" அரைமணி நேரம் பேசியும் தீரவில்லை. அதனால் எழுதியே வைக்கிறேன்.

சிவகாசியில் எங்களுக்கும் இதே கதைதான். டிசைன் ரூம் ஒரு கட்டடம். பிளேட் எடுக்கிற சிடிபியும் ஆஃப்செட் மிஷினும் இன்னொரு கட்டடம். நடுவில் ஒரு முடுக்கும் பக்கத்து வீட்டுக்காரர் மாடியும். கேபிள் போகிற வழியில் அளந்தால் எழுபது மீட்டர். போகிற சரக்கு சின்னதில்லை. 20க்கு 30 இஞ்ச் பிளேட்டை 2400 டிபிஐயில் ரிப் பண்ணினால், அதாவது டிசைனை அச்சுப் புள்ளிகளாக மாற்றினால், கம்ப்ரஸ் பண்ணாத டிஃப் ஃபைல் ஒரு கலருக்கு 430 எம்பி சொச்சம். நாலு கலருக்கு 1.7 ஜிபி. ஆடிப்பெருக்குக்கு காலண்டர் மாதிரி ஆல்பம் வந்து ஆர்டர் சேர்ந்துவிட்டால் ஐப்பசி, கார்த்திகையில் மிஷினை நிறுத்தவே முடியாது. இடி மழையும் அதே மாதங்களில்தான்.

முதலில் கேட்-6 செம்பு ஒயர்தான் இழுத்தோம். 100 மீட்டர் வரை தாங்கும், நமக்கு எழுபதுதானே என்று தூரத்தை மட்டும் பார்த்தோம். இரண்டு கட்டடத்துக்கும் தனித்தனி இபி சர்வீஸ், தனித்தனி எர்த் என்பதை யோசிக்கவில்லை. பக்கத்தில் எங்கேயாவது இடி விழுந்தால் போதும். ஒரு எர்த்துக்கும் இன்னொன்றுக்கும் இடையே அந்த நொடி ஆயிரக்கணக்கான வோல்ட் வித்தியாசம் வந்துவிடும், அது பாய்வதற்கு நாமே போட்டுக்கொடுத்த பாதைதான் அந்த ஒயர். லேன் போர்ட்டுக்குள் இருக்கிற குட்டி டிரான்ஸ்ஃபார்மர் 1500 வோல்ட் வரைக்கும் காப்பாற்றுகிற கணக்கில் செய்தது. அதற்கு மேல் வந்தால் அது என்ன செய்யும்? ஒரு சித்திரை மாதக் கோடை மழையில் இரண்டு பக்க நெட்வொர்க் சுவிட்சும் ரிப் கம்ப்யூட்டரின் மதர்போர்டும் போயின. இடி எங்கள் கட்டடத்தில் விழவே இல்லை.

அடுத்து 5.8 கிகாஹெர்ட்ஸ் வயர்லெஸ் பிரிட்ஜ். கெட்டது என்று சொல்ல மாட்டேன், ஒரு வருஷம் உழைத்தது. ஆனால் இரண்டு ஆன்டெனாவுக்கும் நடுவழியில் சுற்றிலும் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் வெட்டவெளி வேண்டும். பக்கத்து வேப்பமரம் தழைத்து மழையில் நனைந்தால் ஃபைல் நொண்டியது. போர்ட்டும் நொடிக்கு நூறு மெகாபிட்தான், ஒரு செட் பிளேட்டுக்கு இரண்டரை நிமிஷத்துக்கு மேல். அடுத்தவர் வீட்டு மரத்தை வெட்டச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

2021-இல் சிங்கிள் மோட் ஃபைபர் போட்டோம். கண்ணாடி இழையில் ஒளிதான் போகும், கரண்ட் பாயாது. இழுக்க வந்த பையன் நல்ல வேலைக்காரன். தாங்குகிற கம்பி இரும்பாக இருந்தால் மறுபடியும் கட்டடத்துக்குக் கட்டடம் உலோகம் போட்ட மாதிரிதான் என்று சொல்லி, எஃப்ஆர்பி என்கிற உலோகமில்லாத குச்சி உள்ள கேபிளாகவே எடுத்து வந்தான். அன்றிலிருந்து எத்தனை இடி! ஒரு போர்ட்கூடக் கருகவில்லை. முன்பெல்லாம் மேகம் கறுத்தாலே யாராவது ஓடிப்போய் ஒயரைப் பிடுங்குவோம். இப்போது மழை கொட்டும்போது பிளேட் வந்துகொண்டே இருக்கிறது. ஒரு செட் அரை நிமிஷத்துக்குள். மழைச் சத்தத்தை நிம்மதியாகக் கேட்கிற சுகத்தை இந்த எழுபது மீட்டர் கண்ணாடி இழை எனக்குக் கொடுத்தது. அதற்கு நான் என்றைக்கும் கடமைப்பட்டவன்.

என் கோபமெல்லாம் ஃபைபர் ஒளியை லேன் ஒயருக்கு மாற்றிக்கொடுக்க இரண்டு முனையிலும் இருக்கிற மீடியா கன்வர்ட்டர் பெட்டிமேல்தான், இன்னும் சரியாகச் சொன்னால் அதன் 5 வோல்ட் அடாப்டர்மேல். ஆஃப்செட் ஹாலில் தகரக் கூரைச் சூடு. ஜெனரேட்டர் மாறும்போதெல்லாம் கரண்ட் துள்ளும். அடாப்டருக்குள் இருக்கிற கெப்பாசிட்டர் இதில் காய்ந்துபோகிறது. ஒரேயடியாகச் செத்தாலாவது தெரிந்துவிடும். மீட்டர் வைத்தால் 5 வோல்ட் சரியாகக் காட்டும், பெட்டியைச் சொருகினதும் இறங்கிவிடும். லிங்க் வரும், போகும், பாதி ஃபைலில் நிற்கும். 2023 கோடையில் ஒன்று, இந்த ஐப்பசியில் ஒன்று. இரண்டுமே ராத்திரி ஷிஃப்டில்.

லைட்டும் ஏமாற்றுகிறது. அந்தப் பக்கம் பெட்டி அணைந்தாலும் இந்தப் பக்கம் லேன் லைட் பச்சையாகவே எரிகிறது, கம்ப்யூட்டரும் இணைப்பு இருப்பதாகவே காட்டுகிறது. "லைட் எரியுதே அண்ணாச்சி" என்று பையன்கள் சிடிபியை ஆராய்ந்துகொண்டிருக்க, இரண்டு மணி நேரம் வீண். ஒரு முனை போனால் மறு முனை லைட்டையும் சேர்த்து அணைக்கிற எல்எஃப்பி வசதி சில பெட்டிகளில் உண்டு. எங்களுடையதில் இல்லை.

இந்தத் தடவை துள்ளின கரண்டில் பெட்டியும் போய்விட்டது. அவசரத்தில் கடைக்கு ஓடி வாங்கி வந்தால் அது 'ஏ' ரகம், போனதோ 'பி'. ஒரே இழையில் போவதும் வருவதும் என்பதால் 'ஏ' 1310 நானோமீட்டரில் அனுப்பி 1550-இல் கேட்கும், 'பி' அதற்கு நேர் எதிர். இரண்டு பக்கமும் 'ஏ' வைத்தால் இரண்டும் பேசும், ஒன்றுக்கும் காது கேட்காது. கடைக்காரர் ஜோடியாகத்தான் வரும் என்றார். விடியும் வரை பென்டிரைவில் ஃபைலைத் தூக்கிக்கொண்டு முடுக்கில் நடந்தோம், மழையில்.

எனவே தம்பி, ஃபைபர்தான் போட வேண்டும், அதில் மாற்றுப் பேச்சே இல்லை. ஆனால் நான் வைத்திருக்கிற இந்தச் செட்டை வாங்காதே. இடியிலிருந்து நாலு வருஷம் காத்ததும் இதே செட்தான், தெரியும், இருந்தாலும் வாங்காதே என்றுதான் சொல்வேன். இரண்டு பக்கமும், ஃபைபர் மாட்யூல் சொருகுகிற எஸ்எஃப்பி குழி உள்ள சுவிட்சாக எடு. மாட்யூலை நேராக அதிலேயே சொருகிவிடலாம், தனிப் பெட்டியும் வேண்டாம், தனி அடாப்டரும் வேண்டாம். 'ஏ', 'பி' இரண்டிலும் ஒவ்வொன்று உபரியாக மேஜை டிராயரில் கிடக்கட்டும். கேபிளை நாலு கோராக, அதாவது உள்ளே நாலு இழை உள்ளதாகப் போடு, ஒன்றுதான் வேண்டும் என்றாலும். எங்கள் சுவிட்சுக்கு நேற்றே ஆர்டர் சொல்லிவிட்டேன்.