கீழக்கரையில் பழைய துணி கொடுத்து வாங்கிய பை: ஒரு தையல்காரியின் பார்வையில்

பை நன்றாக உழைக்கிறது, தாராளமாக வாங்கலாம். பாலியஸ்டர் சேலையில் தைத்ததை மட்டும் எடுக்காதீர்கள். காரணம் பின்னால் சொல்கிறேன்.

ராமநாதபுரத்தில் ஜாக்கெட், சுடிதார் தைத்துக் கொடுப்பது என் தொழில். எந்தப் பை கைக்கு வந்தாலும் உள்பக்கத்தைத் திருப்பித்தான் முதலில் பார்ப்பேன். விசேஷ வீடுகளில் தாம்பூலத்தோடு தரும் பைகளில் பெரும்பாலும் ஓரம் பிசிறு பிசிறாகத் தொங்கும். துவைத்தால் பிரிந்துவிடும். இந்தக் கீழக்கரைப் பையில் அப்படி இல்லை. துணியின் நல்ல பக்கம் வெளியே தெரிய ஓரத்தை ஒருமுறை தைத்து, பிசிறை நறுக்கி, உள்ளே திருப்பி மறுபடியும் தைத்திருக்கிறார்கள். பிசிறு இரண்டு தையலுக்கும் நடுவே அடங்கிவிடுகிறது. ஓரம் பிசிறாமல் அடைத்துத் தைக்கும் ஓவர்லாக் மெஷின் இல்லாத வீட்டில் இதைவிட நல்ல வழி கிடையாது.

கீழக்கரையில் ஒரு வீட்டு முன்கூடத்தில் சனிக்கிழமை மதியம் பெண்கள் கூடி இந்தப் பைகளைத் தைக்கிறார்கள். அஸர் என்னும் மாலைத் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை மெஷின் சத்தம் ஓயாது. யாருக்கும் கூலி கிடையாது. பணமும் வாங்குவதில்லை. இரண்டு பைக்குத் தேறும் பருத்தித் துணி கொடுத்தால் ஒரு பை நமக்கு, இன்னொன்று மார்க்கெட்டில் வெறுங்கையோடு வருகிறவர்களுக்கு. கைலி, வேட்டி, படுக்கை விரிப்பு, ஜன்னல் திரை எல்லாம் வருகின்றன. என் கண்ணுக்குக் கைலிப் பைதான் அழகு, உழைப்பும் அதில்தான் அதிகம்.

கைப்பிடியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், பை போவதே அங்கேதான். இவர்கள் பட்டியை நாலாக மடித்து, இஸ்திரி போட்டு, இரண்டு ஓரமும் தையல் ஓட்டுகிறார்கள். அப்புறம் அதை வாய்மடிப்புக்குள் நன்றாக இறக்கி, சதுரமாகத் தைத்து, நடுவில் பெருக்கல் குறிபோல் குறுக்கே இரண்டு தையல். சுமை ஒரே கோட்டில் இழுக்காமல் சதுரம் முழுக்கப் பரவுகிறது. 5 கிலோ அரிசியும் இரண்டு தேங்காயும் போட்டு பஸ்ஸில் கொண்டுவந்தேன். ஒரு நூல் நகரவில்லை. பிடியின் நீளம் மட்டும் அதிகம். என்னைப் போல் குள்ளமானவர்கள் கையில் பிடித்தால் பை தரையைத் தொடுகிறது. சொன்னேன், குறைத்துத் தைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்போது பாலியஸ்டர். அந்தச் சேலை வழவழப்பானது, சுமை ஏறினால் தையல் ஓரத்தில் இழை விலகி வாய் பிளக்கும். அதைவிட முக்கியம், அதுவும் பிளாஸ்டிக்தான். ஒவ்வொரு முறை துவைக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத இழை தண்ணீரோடு போகிறது. சந்தேகம் இருந்தால் ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டுங்கள். பருத்தி காகித வாசனையோடு எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் சுருங்கி உருகிக் கெட்டியான மணியாகிவிடும். துணிபோலவே இருக்கும், நெய்யாமல் பிளாஸ்டிக் இழையை ஒட்டிச் செய்த நான்-ஓவன் பையும் அப்படித்தான் உருகும். 2019 ஜனவரி 1 முதல் நம் மாநிலத்தில் தடை செய்த பொருட்களில் அதுவும் ஒன்று. துணிப்பை என்று நினைத்து இன்னும் பலர் அதை வாங்குகிறார்கள்.

நம் கரையில் இது சின்ன விஷயம் இல்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்வாழ் தேசியப் பூங்கா. ஆவுளியா என்கிற கடல்பசுவும் பேராமையும் மேய்கிற கடல்புல் இங்கேதான் இருக்கிறது. தண்ணீரில் மிதக்கும் பாலிதீன் பையைச் சொறி (ஜெல்லிமீன்) என்று நினைத்து ஆமைகள் விழுங்கிவிடுகின்றன. கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பைகளைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. அதனால்தான் இந்தப் பெண்களிடம் பாலியஸ்டர் சேலையை வாங்காதீர்கள் என்று கேட்டேன். “கொண்டுவந்து தரவங்கள எப்படித் திருப்பி அனுப்புறது அக்கா?” என்றார் துணி வெட்டுகிற பெண். அவர் சங்கடம் புரிகிறது. ஆனாலும் வாசலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

மீனுக்கு இந்தப் பை ஆகாது, நீர் கசியும். பாத்திரத்தில் வாங்கி அதைப் பைக்குள் வையுங்கள், இல்லையென்றால் ஓலைக்கொட்டான். கவிச்சி பட்டுவிட்டால் பச்சைத் தண்ணீரில் முதலில் அலசுங்கள். சுடுதண்ணீர் ஊற்றினால் மீன் ரத்தக் கறை துணியில் பிடித்துக்கொள்ளும். சுங்குடிச் சேலையில் தைத்த பை என்றால் முதல் துவையலைத் தனியாகப் போடுங்கள், சாயம் போகலாம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது, கிழிந்தால் தைத்துக் கொடுக்கிறார்கள். “பிடி கழன்டா தூக்கிப் போட்டுராதீங்க, எடுத்துட்டு வாங்க, தச்சுத் தாரோம்” என்று ஒவ்வொருவரிடமும் சொல்லித்தான் அனுப்புகிறார்கள். ஒரு துணிப்பை பலமுறை கடைக்குப் போய் வந்தால்தான் அதற்கான பருத்திக்கும் தண்ணீருக்கும் நியாயம்.

போகிறவர்கள் துணியைத் துவைத்துக் காயவைத்து, ஹூக், ஜிப் எல்லாம் எடுத்துவிட்டுக் கொண்டுபோங்கள். தைக்கத் தெரியாது என்று தயங்க வேண்டாம். நூல் நறுக்கவும் இஸ்திரி போடவும் அங்கே ஆள் போதவில்லை.