எஸ்எம்எஸ் குறியீடா, ஒதென்டிகேட்டர் செயலியா?

கடவுச்சொல்லுக்கு மேல் இரண்டாவது பூட்டாக எஸ்எம்எஸ்ஸில் வரும் குறியீட்டைத்தான் கொழும்பில் பலரும் வைத்திருக்கிறார்கள். பட்டன் ஃபோனிலும் வரும், புதிதாக எதையும் பழகத் தேவையில்லை. ஆனால் அந்தக் குறியீடு உங்கள் இலக்கத்தைத் தேடித்தான் வருகிறது. உங்கள் பெயரில் யாரேனும் மாற்று சிம் எடுத்துவிட்டால் குறியீடும் அவருக்கே போகும். வெள்ளவத்தையில் திரை மாற்றக் கொடுத்த ஃபோனின் பூட்டிய திரையிலும் அது தெரியலாம். கனடாவில் பிள்ளைகளிடம் போயிருக்கும்போது ரோமிங் இல்லையென்றால் வராது.

ஒதென்டிகேட்டர் என்பது ஃபோனிலேயே குறியீட்டை உருவாக்கும் செயலி. அதற்கு சிம்மும் வேண்டாம், டேட்டாவும் வேண்டாம். உங்கள் கணக்கின் தளம் காட்டும் கியூஆர் குறியை ஒருமுறை ஸ்கேன் செய்தால் ஓர் இரகசிய எண் ஃபோனில் பதியும். அதையும் நேரத்தையும் வைத்து 30 விநாடிக்கொருமுறை 6 இலக்கக் குறியீடு உருவாகும். ஃபோனின் நேரம் பிழையென்றால் குறியீடு ஏற்கப்படாது. நேரத்தைத் தானியங்கியில் விடுங்கள். பெரிய ஆபத்து, ஃபோன் தொலைவது. கூகுள் தரும் 10 மாற்றுக் குறியீடுகளைத் தாளில் எழுதி வீட்டில் வையுங்கள். புதிய ஃபோனுக்குக் கணக்குகளை மாற்றும்வரை பழையதை அழிக்காதீர்கள்.

போலித் தளத்தில் நீங்களே குறியீட்டைத் தட்டினால் இரண்டுமே காப்பாற்றாது.

என் தெரிவு செயலிதான். முதலில் மின்னஞ்சலுக்குப் போடுங்கள். மற்றக் கணக்குகளின் கடவுச்சொல்லை மாற்றும் இணைப்பு அங்குதான் வருகிறது. எஸ்எம்எஸ் மட்டுமே தரும் வங்கிக்கு, பூட்டிய திரையில் செய்தி தெரிவதை நிறுத்தி, சிம்முக்கு ‘பின்’ (PIN) எனும் பூட்டு இலக்கம் போடுங்கள். அதை 3 முறை பிழையாகத் தட்டினால் சிம் பூட்டிக்கொள்ளும். திறக்க, சிம் தந்த நிறுவனத்தின் பியூகே (PUK) எனும் திறப்பு இலக்கம் வேண்டும்.