லேசர் கண் சிகிச்சை: அளவுத்தாளைப் பார்க்காமல் முன்பணம் கட்டாதீர்கள்

பினாங்கில் லேசர் வைத்துக் கண்ணாடியைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்று நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். ஜார்ஜ்டவுனில் ஒரு மையம் ஸ்மைல் என்ற லேசர் முறைக்குப் பணம் வாங்கிக்கொண்டு எனக்குப் பிஆர்கே என்ற வேறொரு முறையைச் செய்து அனுப்பியது. பெயரைப் போடவில்லை, வம்பு வேண்டாம்.

எனக்கு இரண்டு கண்ணிலும் மைனஸ் ஆறு. தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயில் கூட்டத்தில் கண்ணாடி விழுந்து மிதிபட்டுப் போனது. அன்று முழுக்க மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். மறுவாரமே மையத்துக்குப் போய்விட்டேன்.

ஏதோ ஓர் இயந்திரத்தில் முகத்தை வைக்கச் சொன்னார்கள், கண்ணின் அளவுகள் அச்சான ஒரு தாள் வந்தது. டாக்டர் வரவில்லை. ஆலோசகர் என்று அட்டை மாட்டிய ஒரு தங்கச்சிதான் வந்தார். "அண்ணே, ஸ்மைல்தான் புதுசு. வலி இல்ல, மறுநாளே வேலைக்குப் போகலாம். இன்னிக்கே புக் பண்ணா ஆயிரம் வெள்ளி கழிவு." கழிவு போக 8,500 ரிங்கிட். 1,500 முன்பணம் கட்டினேன். அன்று காலை வரை நான் கான்டாக்ட் லென்ஸ் போட்டிருந்ததை யாரும் விசாரிக்கவில்லை. லென்ஸ், கருவிழியின், அதாவது கண்ணின் முன்பக்கத் தெளிவான படலத்தின், வடிவத்தையே கொஞ்சம் மாற்றிவிடும்; மென்மையான லென்ஸ் என்றாலும் ஒன்றிரண்டு வாரம் கழற்றி வைத்த பிறகுதான் அளக்க வேண்டுமாம்.

சிகிச்சை நாளில், கண் மரக்க மருந்து விட்ட பிறகு டாக்டர் வந்தார். "உங்கள் கருவிழி மெல்லிசு, பிஆர்கேதான் பாதுகாப்பு" என்றார். எம்சி (மருத்துவ விடுப்பு) எடுத்தாயிற்று, மனைவியும் வெளியே காத்திருக்கிறாள். கையெழுத்துப் போட்டேன். மரத்த கண்ணை வைத்துக்கொண்டு படிவத்தை எங்கே படிப்பது!

டாக்டர் சொன்னது பொய்யில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். கருவிழியின் தடிமன் சராசரியாக 540 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்) இருக்கும். எனக்கு 478. லேசிக் என்ற இன்னொரு லேசர் முறையில் முதலில் 110 மைக்ரான் அளவுக்கு ஒரு மூடியைச் சீவித் தூக்குவார்கள். அதன் அடியில் லேசர் ஒரு பவருக்கு ஏறக்குறைய 15 மைக்ரான் தேய்க்கும். ஆறு பவருக்கு 90. மீதி 278. 250-க்குக் கீழே போகவே கூடாது, கவனமான டாக்டர்கள் 300 மிஞ்ச வேண்டும் என்பார்கள். குறைந்தால் கருவிழி வலுவிழந்து புடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. ஸ்மைலில் மூடி கிடையாது. உள்ளேயே ஒரு சிறு வில்லையை லேசரால் வெட்டி, சின்னக் கீறல் வழியே உருவி எடுப்பார்கள். அதற்கும் தடிமன் வேண்டும். பிஆர்கேயில் மேல்தோலை மட்டும் நீக்கிவிட்டு நேராக லேசர். மெல்லிய கண்ணுக்கு அது சரிதான்.

ஆனால் அந்த 478, முதல் நாள் தாளிலேயே அச்சாகியிருந்தது! அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஸ்மைலுக்கு முன்பணம் வாங்கினார்கள்.

மேல்தோல் திரும்ப வளரும் வரை என்ன ஆகும் என்றும் யாரும் சொல்லவில்லை. மூன்று நாள் கண்ணுக்குள் மிளகாய்த்தூள் போட்ட மாதிரி எரிச்சல், திரை மூடிய அறையில் படுத்தே கிடந்தேன். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் நுண்ணோக்கி பார்க்கும் வேலை எனக்கு. இரண்டு வாரத்துக்கு எழுத்தெல்லாம் புகை மூட்டம். இரவில் பாலத்தில் எதிரே வரும் விளக்குக்கெல்லாம் ஒளிவட்டம், அது அடங்க மூன்று மாதம்.

அப்புறம்தான் பில்லைக் கவனித்தேன். அவர்கள் சுவரில் ஒட்டிய விலைப்பட்டியலில் பிஆர்கே 5,200. என்னிடம் வாங்கியது முழு 8,500. கேட்டால், "அது பேக்கேஜ் அண்ணே."

ஆகவே போகிறவர்கள் முதல் நாளே அளவுத்தாளின் நகலைக் கேட்டு வாங்குங்கள். எந்த முறை என்பதை டாக்டர் வாயால், தடிமன் எண்ணோடு கேளுங்கள்; ஆலோசகர் சொல்வது விற்பனைப் பேச்சு. டாக்டரின் பெயரை மலேசிய மருத்துவ மன்றத்தின் இணையப் பட்டியலில் தேடிப் பாருங்கள். முறை மாறினால் விலையும் மாறுமா என்று எழுதி வாங்குங்கள்.

வித்தியாசம் 3,300 ரிங்கிட்டைத் திருப்பிக் கேட்டு இரண்டு கடிதம் எழுதினேன். பதிலாக இலவசமாகக் கண் சொட்டு மருந்து இரண்டு புட்டி வந்தது. வறண்ட கண்ணுக்கு அதைத்தான் இப்போது விட்டுக்கொண்டிருக்கிறேன்.