கூரைத் தகரம் ஆர்டர் செய்யப்போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்: எங்கள் 23 லட்சத்து 40 ஆயிரம் கியாட் போய்விட்டது

வயிறு எரிகிறது. எரிகிற சூட்டிலேயே எழுதிவிடுகிறேன், ஆறப்போட்டால் நானும் மற்றவர்களைப் போல வாயை மூடிக்கொண்டு இருந்துவிடுவேன். கூரைத் தகடு விற்கும் ஒரு ஆன்லைன் பக்கத்தில் 23 லட்சத்து 40 ஆயிரம் பர்மா கியாட் கட்டினோம். இன்றைக்கு வீட்டின் பின்பக்கம் தார்ப்பாயின் கீழே கிடக்கிறோம். பக்கத்தின் பெயரை நான் போடவில்லை. போட்டால் பதிவையே எடுக்கவைத்துவிடுவார்கள் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். பெயரை மாற்றி நாளைக்கே வேறு பக்கம் திறக்கவும் அவர்களுக்குத் தெரியும். அவர்கள் எப்படிப் பேசுகிறார்கள், எங்கே நம்பவைக்கிறார்கள் என்பதைச் சொல்கிறேன். தகடு வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

எங்கள் வீடு தன்லினில். ரங்கூனிலிருந்து பாலம் தாண்டி வந்தால் இந்தப் பக்கம். மர வீடு, தகரக் கூரை. 2008 மே மாதம் நர்கிஸ் புயல் அடித்த இரவில் பழைய கூரை முழுக்கப் பறந்துபோய், அப்பா கடன் வாங்கிப் போட்ட தகரம்தான் இவ்வளவு காலம் இருந்தது. அப்போதும் தகர விலை பல மடங்கு ஏறியது, அதை வைத்துச் சம்பாதித்தவர்களும் இருந்தார்கள். ஆனாலும் அப்பா வாங்கிய தகரம் தகரமாக இருந்தது. இந்தப் பதினேழு வருட மழைக்கு ஆணி அடித்த ஓட்டைகளைச் சுற்றித் துரு ஏறி, போன மழைக்காலத்தில் பின்பக்கம் அங்கங்கே சொட்ட ஆரம்பித்துவிட்டது. தாரும் துணியும் வைத்து ஒட்டினோம். இந்த வருடம் திஞ்சான் தண்ணீர்த் திருவிழா முடிந்ததும், மழை இறங்குவதற்கு முன்னால் முழுதாக மாற்றிவிடுவது என்று முடிவு செய்தோம். மலேசியாவில் வேலை செய்யும் தம்பி அனுப்பிய பணம், அம்மா அடகு வைத்த வளையல், நான் தையலில் சேர்த்தது எல்லாம் சேர்ந்ததுதான் அந்த 23 லட்சத்து 40 ஆயிரம்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்குத் தேவைப்படும். இரண்டு பக்கமும் சரிந்த கூரை. பக்கத்துக்கு 16 தகடு, மொத்தம் 32. ஒவ்வொன்றும் 14 அடி, ஆக 448 அடி. 0.40 மில்லிமீட்டர் கனம், அலுமினியமும் துத்தநாகமும் கலந்த பூச்சு, மேலே பச்சைப் பெயின்ட். அடி 5,000 கியாட். முகட்டில் கவிழ்க்கும் தகடு 40 அடிக்கு ஒரு லட்சம். டவுனில் ஒரு கடையில் விசாரித்ததைவிட இது கொஞ்சம்தான் குறைவு. அடிமாட்டு விலை சொல்லியிருந்தால் எங்களுக்குச் சந்தேகம் வந்திருக்கும். கொஞ்சமாகக் குறைத்துச் சொல்லத் தெரிந்தவர்கள் அவர்கள்.

நம்பிக்கை வந்த இடத்தைச் சொல்லாமல் இந்தப் பதிவுக்கு அர்த்தம் இல்லை. நான் பர்மீஸில்தான் எழுதிக் கேட்டேன். என் பெயரைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கத்திலிருந்து ஒருவன் போனில் கூப்பிட்டான். எடுத்த எடுப்பில் தமிழ். "அக்கா, தமிழ்க்காரங்களா? எந்தப் பக்கம் அக்கா? தன்லினா, அங்க எங்க சித்தி வீடு இருக்கு." கோயில் திருவிழாவைப் பற்றிப் பேசினான். வீட்டில் யார் யார் என்று கேட்டான். அம்மாவுக்கு மூச்சு இரைப்பு என்று சொன்னேன். "அம்மாவ நனைய விடமாட்டேன் அக்கா, மழைக்கு முன்னாடி தகடு உங்க வாசல்ல இருக்கும், இது என் பொறுப்பு" என்றான். அந்த வார்த்தையை அம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தார், ஸ்பீக்கரில்தான் போட்டிருந்தேன். "நம்ம பையன்டி" என்றார். இந்த ஊரில் கடைக்குப் போனாலும் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் பர்மீஸில் யோசித்து யோசித்துப் பேசும் அம்மாவுக்கு, ஒரு வியாபாரி தமிழில் பேசியதே பெரிய ஆறுதல். அதைத்தான் அவன் விற்றான்.

அடுத்த நாள் ஒரு வீடியோ அனுப்பினான். பச்சைத் தகட்டின் ஓரத்தில் கனம் பார்க்கும் மைக்ரோமீட்டரை வைத்துக் காட்டுகிறான், 0.40 என்று வருகிறது. ரங்கூனில் ஃபாக்டரிகள் நிறைந்த லைங்தாயாவில் சொந்த ஃபாக்டரி என்றான். மெஷினில் தகடு நெளிந்து நெளிந்து வெளியே வரும் வீடியோவும் வந்தது. பாதிப் பணம் இப்போது, மீதி சரக்கு வந்ததும் என்று நான் கேட்டேன். "டாலர் ஏறிக்கிட்டே இருக்கு அக்கா, இன்னிக்கு முழுசாக் கட்டினா இந்த விலைய உங்களுக்காகப் பிடிச்சு வைக்கிறேன், நாளைக்கு என் கையில இல்ல." கியாட் மதிப்பு போகிற போக்கு எல்லோருக்கும் தெரியும். போனில் பணம் அனுப்பும் செயலியில் 23 லட்சத்து 40 ஆயிரமும் போனது. ரசீது என்று ஒரு படம் வந்தது. அதில் முத்திரைகூட இருந்தது.

பிறகுதான் சாக்குகள். சொன்ன தேதிக்கு லாரி வரும் என்று நம்பி, ஆசாரி அண்ணன் ஆட்களோடு வந்து பின்பக்கத்துத் தகரத்தை எல்லாம் கழற்றி இறக்கிவிட்டார். லாரி வரவில்லை. கரன்ட் இல்லை, மெஷின் ஓடவில்லை என்றான். எங்கள் தெருவிலும் கரன்ட் இல்லைதான், அதனால் எப்படிச் சண்டை போடுவது? அதற்கடுத்து அவன் சொன்னதைத்தான் என்னால் மன்னிக்கவே முடியாது. "மண்டலேக்கும் சகாயிங்குக்கும் முதல்ல அனுப்பச் சொல்லிட்டாங்க அக்கா, அங்க வீடு இடிஞ்சு ஜனங்க ரோட்டுல கிடக்குறாங்க, உங்களுக்குக் கூரைதானே." 2025 மார்ச் 28 நிலநடுக்கத்தில் 3,000 பேருக்கு மேல் செத்துப்போயிருக்கிறார்கள். அதைக் கேட்டதும் நான் வெட்கப்பட்டு, "சரி தம்பி, அவங்களுக்கு முதல்ல குடுங்க" என்று சொன்னேன். செத்தவர்களின் பெயரைச் சொல்லி என் வாயை அடைத்தான். மண்டலேக்கு அவன் ஒரு தகடாவது அனுப்பியிருப்பானா?

அதற்குள் மழை பிடித்துவிட்டது. தார்ப்பாய் கட்டினோம். காற்று ஒரு மூலையைப் பிய்க்கும், கட்டுவோம், அடுத்த மூலை போகும். ஸ்கூல் திறக்கிற நேரம், பிள்ளைகளுக்கு வாங்கி வைத்த நோட்டுகள் எல்லாம் ஊறிவிட்டன. அம்மாவை முன் அறைக்கு மாற்றினோம், ஈரத்தில் இரைப்பு அதிகமாகிவிட்டது.

ஒருவழியாக ஒரு ராத்திரி லாரி வந்தது. இருட்டில், மழையில், கரன்ட் இல்லாத நேரம் பார்த்து. டிரைவர் இறக்கிப் போட்டுவிட்டு, நான் டார்ச் எடுத்து வருவதற்குள் வண்டியைத் திருப்பிவிட்டார். விடிந்து பார்த்தால் 32 தகட்டில் 19தான் இருக்கிறது. முகட்டுத் தகடு இல்லவே இல்லை. ஆசாரி அண்ணன் வந்து 14 அடித் தகட்டை ஒரே ஆளாகத் தலைக்கு மேல் தூக்கினார். அது நடுவில் வளைந்து தொங்கியது. "தங்கச்சி, இது தகரமா, கல்யாணப் பத்திரிகையா?" என்று கேட்டார். கோபத்தில் அவருக்குக் குரலே மாறிவிட்டது. கீழே போட்டுக் காலை வைத்தார், பள்ளம் விழுந்துவிட்டது. ஒவ்வொரு தகட்டின் அடியிலும் 0.40 என்று மட்டும் அழகாக அச்சடித்திருக்கிறது.

பக்கத்து வீட்டு மீன்கார அக்காவின் தராசில் வைத்தோம். ஆசாரி அண்ணன் சொன்ன கணக்கு இது, குறித்துக்கொள்ளுங்கள். மூன்றடி அகலச் சுருளிலிருந்து அடித்த 0.40 தகடு 14 அடி நீளம் இருந்தால் ஏறத்தாழ 12 கிலோ, அதாவது பர்மாக் கணக்கில் ஏழரை வீசை எடை நிற்க வேண்டும். எங்களுக்கு வந்தது நாலு வீசைகூட இல்லை. அப்படியென்றால் கனம் 0.20 பக்கம்தான். 0.40-க்குக் காசு வாங்கிக்கொண்டு பாதி இரும்பு கொடுத்திருக்கிறான். அந்த வீடியோவில் அளந்த தகடு வேறு, எங்களுக்கு வந்தது வேறு.

"பரவாயில்லை, இருப்பதைப் போட்டுவிடலாமா" என்று நான் கேட்டேன். அவர் மறுத்துவிட்டார். தகட்டைத் தாங்கும் எங்கள் ரீப்பர் கட்டைகள் மூன்றடி இடைவெளியில் இருக்கின்றன. இவ்வளவு மெல்லிய தகடு இடையில் தொய்யும், தொய்ந்த இடத்தில் தண்ணீர் தங்கும். ஆள் ஏறி நடந்தால் நெளியும், நெளிந்தால் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடம் வாய் பிளக்கும். அதைவிட மோசம் காற்று. காற்று கூரையை மேலே தூக்கும்போது திருகாணி கட்டையோடு நிற்கும், தகடு திருகாணியின் தலையைச் சுற்றிக் கிழிந்துகொண்டு போய்விடும். நர்கிஸில் இந்தத் தெருவிலேயே தகரம் பறந்ததைப் பார்த்தவர் அவர். "பறக்கிற தகரம் ஆளை வெட்டும், நான் இதைப் போட மாட்டேன்" என்றார். வேலை இல்லாமல் போனாலும் பரவாயில்லை என்று நேர்மையாகச் சொன்ன அந்த மனிதருக்கு நாங்கள் காலத்துக்கும் கடமைப்பட்டிருக்கிறோம்.

இனி அந்தத் தமிழ்க்காரத் தம்பி. கூப்பிட்டேன், எடுக்கவில்லை. எழுதினேன், படித்துவிட்டுச் சும்மா இருந்தான். வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டால் ஒரு பெண் பர்மீஸில் பேசினாள், "முதலாளி வெளியூர் போயிருக்கிறார்" என்றாள். மீதி 13 தகடு எங்கே என்றால், "ஸ்டாக் வந்ததும் சொல்கிறோம்." கனம் ஏன் குறைவு என்றால், 0.40 என்பது அந்தத் தகட்டின் மாடல் நம்பராம், கனம் இல்லையாம்! அப்படியானால் மைக்ரோமீட்டர் வைத்து எதைக் காட்டினாய்? திருப்பி எடுத்துக்கொண்டு 23 லட்சத்து 40 ஆயிரத்தைக் கொடு என்றதற்கு, "வெட்டிய தகடு திரும்ப எடுப்பதில்லை, ரசீதில் எழுதியிருக்கிறது" என்றாள். எழுதியிருக்கிறதுதான். படத்தைப் பெரிதாக்கினால் மட்டும் தெரிகிற எழுத்தில். அதோடு என்னை பிளாக் செய்துவிட்டார்கள். தங்கச்சி வீட்டுக்காரர் லைங்தாயா போய் அந்த முகவரியைத் தேடினார். அங்கே இருப்பது அரிசிக் கிடங்கு. பணம் அனுப்பிய செயலிக்காரர்களிடம் கேட்டால், நீங்களே விரும்பி அனுப்பிய பணம், நாங்கள் ஒன்றும் செய்வதற்கில்லை என்று ஒரே பதில்.

அந்தப் பக்கம் இன்னும் திறந்தே இருக்கிறது. அதே பச்சைத் தகடு, அதே வீடியோ, "மழைக்கால ஸ்பெஷல்" என்று விளம்பரம். பார்க்கப் பார்க்க எனக்கு ஆற்றாமை தாங்கவில்லை. 23 லட்சத்து 40 ஆயிரம் கியாட்! அம்மா வளையலைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை, அதுதான் இன்னும் வலிக்கிறது.

விவரமாக எழுதுகிறேன் என்றேன். இப்போது மறுபடி மேற்கே கறுத்துக்கொண்டு வருகிறது, தார்ப்பாயை இழுத்துக் கட்ட வேண்டும். அவசரமாக இவ்வளவுதான்:

சரக்கு இறங்குவதற்கு முன் முழுப் பணம் கேட்டால் அங்கேயே விட்டுவிடுங்கள், யார் எந்த மொழியில் கேட்டாலும். தகடு வாசலுக்கு வந்து எண்ணிப் பார்க்கும்வரை பழைய கூரையில் ஒரு ஆணியைக்கூடப் பிடுங்கவிடாதீர்கள். அச்சடித்த எண்ணை நம்பாதீர்கள். லாரி நிற்கும்போதே ஒரு தகட்டைத் தராசில் ஏற்றுங்கள், 0.40 என்றால் 14 அடிக்கு ஏழரை வீசை. கனம் பேசும்போது பெயின்ட் சேர்த்தா, இரும்பு மட்டுமா என்று கேட்டு ரசீதில் எழுதி வாங்குங்கள். ராத்திரியில் சரக்கு இறக்க ஒத்துக்கொள்ளவே வேண்டாம்.

தன்லின், ரங்கூன், பெகு பக்கம் யாராவது தமிழில் பேசி, அம்மாவை விசாரித்து, பச்சைத் தகட்டில் மைக்ரோமீட்டர் வைத்த வீடியோ அனுப்பியிருந்தால் பணம் கட்டாதீர்கள். ஏற்கெனவே கட்டியவர்கள் ரசீதுப் படத்தையும் பணம் போன நம்பரையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள். நான் புகார் எழுதி வைத்திருக்கிறேன். தனி ஆளாகப் போவதைவிட நாலைந்து பேர் சேர்ந்து போய்க் கொடுக்கலாம்.